கதவு தட்டுற சீன் என்னோடது

ஃபோன் சத்தத்தக் குறைக்க வேண்டாம்க்கா, நீங்க பாட்டுக்குப் பாருங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. நானும் சீரியல் பாக்கிறவதான். பாக்கிறது என்ன, எழுதியே இருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். வத்திராயிருப்புல பஸ் ஏறினதுலருந்து உம்முனு ஜன்னலப் பாத்துட்டு வர்றவ திடீர்னு இப்படிச் சொன்னா யாருக்கும் சிரிப்பு வரும்தான். ஆனா நீங்க இப்ப பாக்கிறீங்களே, இதே மாதிரி ஒண்ணுல, ஒரு வாரம் முழுக்க ஓடின கதை என்னோடது. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா உங்களுக்கே தெரிஞ்சிரும், ஊரே பாத்துச்சு. அந்த வாரம் அதுதான் முதலிடம்.

என் பேரு செண்பகா. கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப் பிள்ளை, அம்மா வீட்ல. நான் மதுரையில ஒரு லேடீஸ் காலேஜ்ல விஸ்காம் படிக்கிறேன், இப்பத்தான் கடைசிப் பரீட்சை முடிஞ்சுது. போன வருஷம் அஞ்சாவது செமஸ்டர் மட்டும் சென்னையில. எங்க காலேஜுக்கும் சாலிகிராமத்துல இருக்கிற ஒரு மீடியா பள்ளிக்கும் ஒப்பந்தம். வருஷத்துக்கு எட்டுப் பிள்ளைகள அனுப்புவாங்க. ஜூன்ல போயி நவம்பர்ல வரணும். கதை சொல்றது எப்படி, திரைக்கதை எழுதுறது எப்படி, சினிமா டிவி தொழிலெல்லாம் எப்படி நடக்குது, இதுதான் பாடம். அந்த எட்டுல நான் ஒருத்தி. அப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்தாரு.

ஹாஸ்டல்ல என்னையும் வேணியையும் ஒரே ரூம்ல போட்டாங்க. வேணி வத்திராயிருப்புக்காரி. ஆமா, இப்ப நான் அங்கருந்துதான் வர்றேன். அவ வீட்டுக்குத்தான் போயிட்டு வர்றேன். அதத்தான் சொல்ல வர்றேன், இருங்க.

வேணி ரொம்பப் பேச மாட்டா. ஆனா எழுதுவா. அதுவும் எப்படின்னா, ரெண்டு பக்கம் எழுதுன்னா அரைப் பக்கம் எழுதுவா, அந்த அரைப் பக்கத்தப் படிச்சிட்டு வகுப்பே கம்முனு இருக்கும். எங்களுக்குக் கதை வகுப்பு எடுத்தவரு மோகனரங்கம் சார். ஒரு பெரிய சீரியல் கம்பெனியில கதை இலாகாவுக்கு அவருதான் தலை. வாரத்துல ரெண்டு நாள் வருவாரு. அவரு என் நோட்ட வாங்கினா ஓரத்துல சிவப்பு மசியில ஒரே வரிதான் எழுதுவாரு. 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு.' அஞ்சு தடவை, அக்கா. அஞ்சு தடவை அதே வரி. வேணி நோட்டுல என்ன எழுதுவாரு தெரியுமா? ஒண்ணும் எழுத மாட்டாரு. படிச்சிட்டு அவ முகத்த ஒரு நிமிஷம் பாத்துட்டுத் திருப்பிக் குடுப்பாரு. அது எதுக்குச் சமம்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உன் வாழ்க்கையில நடந்தத எழுதும்மா. நீ அழாதது எவனையும் அழ வைக்காது"ன்னாரு. நான் ஹாஸ்டலுக்கு வந்து உக்காந்து யோசிச்சுப் பாக்கிறேன். என் வீட்ல என்ன நடந்துச்சு? ஒண்ணுமே நடக்கல. அப்பா குடிக்க மாட்டாரு. அம்மா அடிக்க மாட்டா. தாத்தா எண்பத்தி நாலு வயசுல தூக்கத்துல போனாரு. மத்தியானம் ஆனா அம்மா சாப்பிட்டுட்டு, வாசக் கதவத் தாழ் போட்டுட்டு, ஃபேனப் போட்டுப் படுத்துருவா. நாலு மணிக்கு எந்திரிச்சுக் காப்பி போடுவா. இதுதான் எங்க வீடு. இத வச்சு என்ன கதை எழுத? என் கஷ்டமே அதுதான், எனக்குக் கஷ்டமே இல்லாமப் போனது.

ஆடி மாசம் ஒரு நாள் வேணி வகுப்புக்கு வரல. நான் மத்தியானம் ரூமுக்கு வந்தா ஆளக் காணும். மொட்டை மாடியில துணி காயப் போடுற இடத்துல, நிழல்ல உக்காந்திருக்கா. காலையிலருந்து சாப்பிடல. "என்ன பிள்ள, உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டேன். "இன்னிக்கு எங்கக்கா செத்த நாளு"ன்னா.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பேரு சங்கரேஸ்வரி. வீட்ல சங்கரின்னு கூப்பிடுவாங்களாம். வேணி பத்தாவது படிக்கிறப்ப சங்கரிக்கு இருபத்திரெண்டு. நிச்சயம் பண்ணியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறப்ப மாப்பிள்ளை வீட்ல வேண்டாம்னுட்டாங்க. காரணம் சொல்லல. சொல்லாததுனால ஊரே ஆளுக்கொரு காரணம் சொல்லிச்சு. அதுக்கப்புறம் ஒரு திங்கக்கிழமை மத்தியானம் சங்கரி அழுக்குத் துணிய எல்லாம் எடுத்துக்கிட்டுத் தோப்புக் கிணத்துக்குப் போனா. திரும்பி வரல.

வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களோ இல்லையோ, அவங்கம்மா ஒத்துக்கிட்டாங்க. எப்படின்னா, கிணத்து மேட்டுல துணி அத்தனையும் துவைச்சு, பிழிஞ்சு, மடிப்பு மாறாம அன்னக்கூடையில அடுக்கி இருந்துச்சாம். "சாகப் போறவ துணியத் துவைப்பாளா? பிழிஞ்சு அடுக்குவாளா? எம்பிள்ள வீட்டுக்கு வரணும்னுதானே அடுக்கி வச்சா? பாசி வழுக்கிருச்சு"ன்னு வந்தவங்ககிட்டயெல்லாம் அதையேதான் சொல்லுவாங்களாம். அஞ்சு வருஷமா அதைச் சொல்லித்தான் அவங்க சோறு தின்னது.

அப்புறம் வேணி சொன்னா. காரியம் முடிஞ்சு ஸ்கூலுக்குப் போன அன்னிக்கு, ஜாமெட்ரி பாக்ஸத் திறந்தா, உள்ள ஒரு தாள்ல அக்காவோட தோடு மடிச்சு வச்சிருக்கு. தாள்ல ரெண்டு வரி. 'தோடு உனக்கு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், வழுக்கி விழுந்ததாவே இருக்கட்டும்.'

வேணி அந்தத் தாள யாருக்கும் காட்டல. அப்பாகிட்டகூடச் சொல்லல. அக்கா தோட்டக் கழட்டி வச்சிட்டுப் போயிருந்தான்னு அம்மாகிட்டச் சொல்லிப் போட்டுக்கிட்டா. அந்தத் தோடு எனக்கு நல்லாத் தெரியும், சின்னதா ஏழு கல்லு. ஒரே ரூம்ல இருந்து தினமும் பாத்ததுதான்.

"இத ஏன் பிள்ள எங்கிட்டச் சொல்ற?"ன்னு கேட்டேன். "அஞ்சு வருஷமா வச்சிருக்கேன், மூச்சு முட்டுது. நீ எங்க ஊருக்காரி இல்ல, எங்கம்மாவ உனக்குத் தெரியாது. அதான்"ன்னா. நான் அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். நெசமாவே அழுதேன்க்கா. அதுல ஒண்ணும் பொய் இல்ல. மோகனரங்கம் சார் சொன்ன அழுகை அதுதான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

அடுத்த வாரம் வேணிக்குச் சவுண்டு ஸ்டூடியோவுல வகுப்பு, எங்களுக்குக் கதை வகுப்பு. நான் எந்திரிச்சுச் சொன்னேன். பேரெல்லாம் மாத்திட்டேன். ஊரும் மாத்திட்டேன், தஞ்சாவூர்ப் பக்கம்னு வச்சேன். துணி அடுக்கினது, தோடு, ரெண்டு வரி, அத மட்டும் மாத்தல. அத எப்படி மாத்துறது? அதுல கை வச்சா கதையே இல்ல. முடிச்சதும் சாரு கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. அப்புறம், "யாரும்மா இது?"ன்னாரு. "எனக்குத் தெரிஞ்ச வீடு சார்"னேன். பொய் சொல்லல, பாருங்க. "நாளைக்கு கம்பெனிக்கு வா"ன்னாரு.

எட்டுப் பேர்ல என்னை மட்டும் கதை டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டாரு. வேணியக் கூப்பிடல. என்னை.

அந்த ரூம நீங்க பாக்கணும். நீள மேசை, சுத்தி ஆறேழு ஆம்பளைங்க, நடுவுல பஜ்ஜித் தட்டு. சுவத்துல போன வாரம் எத்தனை பேரு பாத்தாங்கன்னு ஒரு சார்ட்டு. கோடு கீழ இறங்கினா அன்னிக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் ஒரு மூலையில உக்காந்து அவங்க பேசுறத எழுதிக்கிட்டே இருப்பேன். ஒரு மாசம் எழுதினேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல.

செப்டம்பர் கடைசியில ஒரு சிக்கல் வந்துச்சு. கதாநாயகியோட நாத்தனாரா நடிச்ச பொண்ணுக்குப் படத்துல சான்ஸ் கிடைச்சிருச்சு, பத்து நாள்ல கிளம்பறேன்னுட்டா. ஆள மாத்தலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமான்னு பேசுறாங்க, பேசுறாங்க, ஒண்ணும் அமையல. "சாகடிச்சிருவோம்"னு ஒருத்தர் சொன்னாரு. "சாவு சும்மா இருக்கக் கூடாதுய்யா, வீடு வீடா அழணும்"னு இன்னொருத்தர். அப்பத்தான் மோகனரங்கம் சார் மூலைக்குத் திரும்பி, "செண்பகா, அந்தத் துணிக் கதையச் சொல்லு"ன்னாரு.

சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. பஜ்ஜி திங்கிறதக்கூட நிறுத்திட்டாங்க. முடிச்சதும் சேனல்லருந்து ஒரு மேடம், அவங்க ஃபோன்ல ஸ்பீக்கர்ல இருந்தாங்க, அவங்க சொன்னாங்க: "துணி நல்லாருக்கு. தோடு நல்லாருக்கு. ஆனா அம்மா எங்க இதுல? அம்மாவுக்குக் குத்தணும். பாக்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும் குத்தணும்."

எல்லாரும் யோசிக்கிறாங்க. திடீர்னு எங்க வீட்டு மத்தியானம் ஞாபகம் வந்துச்சு. நான் சொன்னேன்: "சார், அவ துணிய அடுக்கி வச்சிட்டு நேரா கிணத்துக்குப் போகல. மனசு மாறி ஒரு தடவை வீட்டுக்குத் திரும்பி வர்றா. கதவு தாழ் போட்டிருக்கு. மெதுவாத் தட்டுறா. அம்மான்னு கூப்பிடறா. மூணு தடவை. உள்ள அம்மா ஃபேன் சத்தத்துல தூங்குறா. கேக்கல. அவ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிடறா."

அக்கா, அந்த ரூம்ல எல்லாரும் கை தட்டினாங்க. மோகனரங்கம் சார் எந்திரிச்சு வந்து என் தலையில கை வச்சாரு. ஃபோன்ல அந்த மேடம், "யாரு அந்தப் பொண்ணு?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்காகத்தான்க்கா நான் கோவில்பட்டியிலருந்து வந்தேன்.

அக்டோபர்ல ஓடுச்சு. துணி, தோடு, கதவு சீன் எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ஒரே எபிசோடுல. ஹாஸ்டல் மெஸ்ல பெரிய டிவி உண்டு. நான் எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தேன், 'ஒரு சர்ப்ரைஸ் இருக்கு'ன்னு. வேணியையும்தான். அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. சொல்லணும்னுதான் இருந்தேன். பாத்துட்டு அவளே சந்தோஷப்படட்டும்னு நெனச்சேன். அவ அக்காவுக்கு ஒரு ஞாபகமா இருக்கட்டும்னுகூட நெனச்சேன், நம்புங்க.

முதல்ல டைட்டில் ஓடுது. நான் அந்த எழுத்தையே உத்துப் பாக்கிறேன். கதை மோகனரங்கம். திரைக்கதை ஒருத்தர். வசனம் ஒருத்தர். கதை விவாதம்னு நாலு பேரு. என் பேரு இல்ல. கடைசியில நன்றின்னு போடுவாங்க, அதுல இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். அதனால சீனு ஓடறப்ப நான் சரியாப் பாக்கலக்கா. என் சீன நானே சரியாப் பாக்கல. கடைசி எழுத்து எப்ப வரும் எப்ப வரும்னு இருந்தேன். நன்றியிலயும் இல்ல.

திரும்பிப் பாத்தா வேணி தட்டக் கையில வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டு இருக்கா. தட்டுல உப்புமா அப்படியே இருக்கு. அவ ஃபோன் அடிக்குது. பக்கத்துல இருந்த பிள்ளதான், "வேணி, உன் ஃபோனு"ன்னா. எடுத்தா. அவங்கம்மா. ஸ்பீக்கர்ல இல்ல, ஆனா அவங்க கத்தினது எங்களுக்கே கேட்டுச்சு.

"வேணி, டிவி பாத்தியா? துணி அடுக்கினதக் காட்டுறான் வேணி. தோட்டக் காட்டுறான். அதுல வர்ற தம்பியோட டப்பாவுல தாளு வச்சிருந்ததாக் காட்டுறான். உனக்குத் தாளு இருந்துச்சா? சொல்லுடி, உனக்கு அவ தாளு வச்சிருந்தாளா?"

வேணி ஃபோன காதுலயே வச்சிக்கிட்டு நின்னா. அவ ஒண்ணும் சொல்லாம நின்னதே அவங்கம்மாவுக்குப் பதில் ஆயிருச்சு.

ரூமுக்கு வந்து பெட்டியில துணிய அள்ளிப் போட்டா. நான் போயி, "வேணி, பேரெல்லாம் மாத்திட்டேன் பிள்ள, தஞ்சாவூர்னுதான் சொன்னேன்"னேன். அவ திட்டல. திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். "நான் உங்கிட்டச் சொன்னேன் செண்பகா"ன்னா. அவ்வளவுதான். அப்புறம் வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கேட்டா: "அந்தக் கதவு எங்கருந்து வந்துச்சு? நான் அப்படி எதுவும் சொல்லலையே."

"சீனுக்கு வேணும்ல"ன்னேன்.

"எங்கம்மா தினமும் மத்தியானம் தாழ் போட்டுட்டுத்தான் படுப்பா. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல பிள்ள. எங்கம்மாவும் அப்படித்தான். அத வச்சு எழுதினேன்."

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. அந்தப் பார்வைக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் அர்த்தம் தெரியல. அப்புறம் போயிட்டா.

செமஸ்டருக்கு அவ திரும்பி வரல. ஆறாவது செமஸ்டருக்கு மதுரைக்கும் வரல. படிப்ப நிறுத்திட்டா. ராஜபாளையத்துல ஒரு மில்லுல ஷிப்டுக்குப் போறான்னு கேள்விப்பட்டேன். நான் ஃபோன் போட்டா எடுக்க மாட்டா. எத்தனை மெசேஜ் போட்டேன் தெரியுமா? நானும் பாதிக்கப்பட்டவதானேக்கா? எனக்கு மட்டும் நியாயம் நடந்துச்சா? மோகனரங்கம் சார்கிட்டப் போய்க் கேட்டேன். "அடுத்ததுல போடுவோம்மா, நீ சின்னப் பொண்ணு, இன்னும் எவ்வளவோ இருக்கு"ன்னாரு. செமஸ்டர் முடிஞ்சதும் அவரும் ஃபோன எடுக்கல. அந்தச் சாவுக்கப்புறம் சார்ட்டுல கோடு எவ்வளவு மேல போச்சுன்னு எனக்குத் தெரியும், நான் அங்க இருந்தேன். அந்தச் சீன யூடியூப்ல மட்டும் எத்தனை லட்சம் பேரு பாத்திருக்காங்க. கீழ போயி கமெண்ட் படிச்சுப் பாருங்க. 'இன்னிக்கு மத்தியானம் எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணிப் பேசினேன்'னு ஒருத்தி எழுதியிருக்கா. அது யாரு எழுதின சீன்னு அவளுக்குத் தெரியுமா?

எழுத்தாளர் சங்கத்துல புகார் எழுதிக் குடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ஆனா சாட்சி வேணுமாம். கதை எங்கிட்ட எப்படி வந்துச்சு, நான் எப்ப சொன்னேன், கதவு சீன் நான்தான் எழுதினேன்னு தெரிஞ்சவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். வகுப்புல இருந்த பிள்ளைகள்லாம் ஒதுங்கிட்டாங்க. அவங்களுக்குச் சாரு வேணும், வேலை வேணும். மிச்சம் இருக்கிறது வேணிதான். அவளுக்குத் தெரியும், கதவு என்னோடதுன்னு. என் வாயால அவகிட்டச் சொல்லியிருக்கேன். அதனாலதான் இன்னிக்குக் காலையில முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்தேன். தாளெல்லாம் டைப் பண்ணிக் கொண்டு வந்தேன், அவ கையெழுத்துப் போட்டாப் போதும்.

வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்ல. டீக்கடையில கேட்டேன், "கதவு திறந்தே கிடக்குமே, அந்த வீடு"ன்னாங்க. போயிப் பாத்தா கதவு ரெண்டும் விரியத் திறந்திருக்கு. காத்துக்கு மூடிரக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் அம்மிக்கல்லு மாதிரி ரெண்டு கல்ல முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க. தாழ்ப்பாளையே கழட்டிட்டாங்க, ஆணி இருந்த ஓட்டை மட்டும் தெரியுது.

வேணி இல்ல. ஷிப்டு. அப்பா தோப்புக்குப் போயிருந்தாரு. அவங்கம்மா மட்டும் வாசலைப் பாத்த மாதிரி உக்காந்திருந்தாங்க. இம்புட்டுத்தான் இருப்பாங்க, குச்சியா. நான் நெனச்ச அம்மா வேற. சீரியல்ல நடிச்சவங்க கொஞ்சம் தாட்டியா இருப்பாங்க.

"வேணி கூட சென்னையில படிச்சவம்மா"ன்னேன்.

"வா தாயி, உக்காரு"ன்னு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டு, "நீ செண்பகாவா?"ன்னு கேட்டாங்க.

ஆமாம்மான்னேன். அடிப்பாங்களோன்னு நெனச்சேன். ஊரக் கூட்டிருவாங்களோன்னு நெனச்சேன். அவங்க அடிக்கல. கிட்ட வந்து தரையில உக்காந்துக்கிட்டாங்க. என் முழங்கால்ல கை வச்சாங்க.

"தாயி, தாளு இருந்தது நெசம்னு வேணி ஒத்துக்கிட்டா. அவளாப் போனதும் நெசந்தான். அது போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவ திரும்பி வந்தாளா? கதவத் தட்டினாளா? அன்னிக்கு நான் தாழ் போட்டுத்தான் படுத்திருந்தேன். ஃபேனு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வேணி சொல்லுதா, அப்படி நடக்கவே இல்ல, அது செண்பகா இட்டுக்கட்டி எழுதினதுன்னு. ஆனா அவ அஞ்சு வருஷம் எங்கிட்டப் பொய் சொன்னவ. நான் மனசு விட்டுப் போயிருவேன்னு இதுக்கும் பொய் சொல்லுவா. அவ சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொல்லு. அந்தக் கதவு நீ எழுதினதா? நீ ஆமான்னா நான் நம்புறேன்."

அக்கா, என் பையில தாள் இருக்கு. அதுல அந்த வரியே இருக்கு, 'கதவு தட்டும் காட்சி முழுவதும் செண்பகாவின் சொந்தக் கற்பனை'ன்னு. எடுத்துக் காட்டினாப் போதும்.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அவங்க கண்ணு அவ்வளவு கிட்ட இருந்துச்சு. நான் ஆமான்னு சொன்னா, ஏன்டி எழுதினன்னு அடுத்த கேள்வி வரும்ல? ஆறு மாசமா இந்த வீட்டுக் கதவத் திறந்து போட வச்சவ நான்தான்னு ஆயிரும்ல? பயந்துட்டேன். வாயில வந்திருச்சு.

"நான் எழுதலம்மா. எனக்கு எதுவும் தெரியாது. அது அவங்களாப் போட்டது"ன்னேன்.

அவங்க என் முழங்கால்லருந்து கைய எடுத்துட்டாங்க. அழல. தலைய மட்டும் மெல்ல ஆட்டினாங்க.

"அப்ப யாரோ பாத்திருக்காக"ன்னாங்க.

எனக்கு முதல்ல புரியல.

"வேணிக்குத் தெரியாது. நீயும் எழுதல. அப்ப அவ வந்து நின்னத யாரோ பாத்திருக்காக தாயி. பாத்தவுகதான் டிவிக்காரன்கிட்டச் சொல்லியிருக்கணும். மூணு தட்டு தட்டினான்னு கணக்காச் சொல்லுதானே, பாக்காம எப்படிச் சொல்லுவான்? என்னை ஒரு குரல் குடுத்து எழுப்பி விட்டிருக்கலாம்ல அவுக?"

எந்திரிச்சு, முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு, "மத்தியானம் தெருவுல யாரு யாரு இருப்பா"ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டு வெளிய இறங்கினாங்க. இஸ்திரிக்காரன், கீரைக்காரி, எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம்னு விரல மடக்கி எண்ணிக்கிட்டே போறாங்க. என்னை இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல.

நான் பையத் தூக்கிக்கிட்டுப் பஸ் நிக்கிற இடத்துக்கு வந்துட்டேன். அங்க நின்னா அந்தத் தெரு முழுக்கத் தெரியும். எதிர்வீட்ல நின்னு பேசினாங்க. அந்தம்மா இல்லைன்னு கைய விரிக்கிறாங்க. அடுத்த வீட்ல ஒரு பெரியவரு, அவரு ஏதோ சத்தம் போடறாரு. அதுக்கடுத்த வீட்ல கதவ அடைச்சிருந்துச்சு. அங்க நின்னு தட்டினாங்க. யாரும் திறக்கல. மறுபடி தட்டினாங்க.

போயிச் சொல்லியிருக்கலாம்தான். எத்தனை தூரம், ஒரு ஐம்பது எட்டு வச்சாப் போதும். நான்தான்மா எழுதினேன், யாரும் பாக்கலம்மா, யாரும் வரலம்மான்னு சொன்னா முடிஞ்சது. ரெண்டு எட்டு வச்சேன்கூட. அதுக்குள்ள பஸ்ஸு வந்திருச்சுக்கா. இத விட்டா அடுத்தது ஒன்றரை மணிக்குத்தான்னாங்க.